முன்னூற்று எண்பத்தேழில் நின்ற பலகை

முன்னூற்று எண்பத்தேழு. இன்னும் அதேதான். கண்ணை மூடி இருபது வரை எண்ணிவிட்டுத் திறந்தால் மாறியிருக்கும் என்று மூடினேன், பன்னிரண்டுக்கு மேல் பொறுக்கவில்லை, திறந்தேன், முன்னூற்று எண்பத்தேழு. மணி இரண்டு ஐம்பத்திரண்டு. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் எந்திரம் தடதடவென்று ஓடி, தரையைக் கொஞ்சம் உலுக்கிவிட்டு நின்றது. இந்த மாடி அறைதான் சங்க அலுவலகம், ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, சுவர் முழுக்கப் பழைய சுவரொட்டிகள், மே மாத வெயில். ஐந்நூற்று எழுபத்தொன்று வேண்டும். சங்கத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பெண்கள், அதில் பாதிக்கு மேல் ஒருத்தியாவது மூன்றரை மணிக்குள் தன் கைப்பேசியில் ‘வேண்டாம்’ என்ற பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தினால் கம்பெனி நீட்டும் ஒப்பந்தம் செத்தது. அழுத்தாவிட்டால் காஞ்சிபுரத்தில் தொழிலாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தலைவி சந்தனமேரி அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பத்தொன்பது பெண்கள் நீக்கப்பட்டவர்களாகவே போவார்கள். கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிடம் கேட்டு உற்பத்தி வரிசையை நிறுத்தியவர்கள் அவர்கள். ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது, ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’. நாற்பது வருடமாக அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். எத்தனை பேரை அதற்குள் போட்டுப் புதைத்தார்கள் என்று கணக்குச் சொல்வேன். அழுத்தாதவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டவர்களாகக் கருதப்படுவார்கள் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள், அதற்கும் சரி என்று சொன்னவன் நான்தான். சந்தனமேரி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் பொருட்படுத்தவில்லை. என் ஆட்கள் வருவார்கள் என்றேன், எழுந்து நின்று சொன்னேன். இப்போது அந்தக் குரல் என் காதுக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கேட்கிறது, யாரோ ஒரு மடையன் பேசுவது மாதிரி.

மடிக்கணினித் திரையில் ஓட்டுகளை எண்ணிக் காட்டும் இந்தப் பலகையைச் செய்தவனும் நான்தான். ஐம்பத்தொன்பது வயதில் இப்படி ஒன்றைச் செய்கிறவன் ஒரகடம் வட்டாரத்தில் வேறு எவன் இருக்கிறான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதற்கு மேல் நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளும் பதினாறு பக்கச் சிறுவெளியீடுகளும். உபரி மதிப்பைப் பதினாறு பக்கத்தில் புரிந்துகொண்டவனுக்கு இணையப் பக்கம் ஒரு பெரிய விஷயமா. ராயபுரம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தேன், ஆங்கிலத்தைக்கூடத் தலைகீழாகக் கோத்துத்தான் கற்றேன். ஈயம் போய்க் கணினி வந்தது, கணினியில் பக்கம் அமைத்தேன். காகிதம் போய்த் திரை வந்தது, கையேடுகளை அச்செடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் நின்றபடி படித்தேன். ஒவ்வொரு தடவையும் வயதாகிவிட்டது என்று வெளியே தள்ளப் பார்த்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினேன். போன வாரம் ஒத்திகை வைத்தோம். நிர்வாகக் குழுவில் முப்பது பெண்கள், அவர்களுக்கு மட்டும் பலகையின் முகவரி. ஓட்டுப் போடுகிற பக்கத்தில் எண்ணிக்கை தெரியாது, பலகையில்தான் தெரியும், விடுதி வாரியாக, இருபத்து மூன்று விடுதிக்கும் தனித்தனி வரிசை, மேலே மொத்தம். முப்பது பேரும் பொறுமையில்லாமல் திரையைக் கீழே இழுத்து இழுத்துப் புதுப்பித்தார்கள், நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன சர்வர் மூச்சு முட்டிப் படுத்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்கே உத்தரவு போட்டேன். யாரும் பலகையை இழுக்கக் கூடாது, திறந்து வைத்துவிட்டுச் சும்மா பார்க்க வேண்டும், அது தானாக எண்ணும். அதோடு நிற்காமல் அன்றைக்கே உட்கார்ந்து பலகைக்கு மெமோ போட்டேன். மெமோ என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது நிர்வாகம் கொடுக்கும் காகிதம். இது வேறு. பக்கத்தின் ஒவ்வொரு துண்டையும் காம்பொனென்ட் என்பார்கள். பக்கத்தில் எங்கே ஒரு சின்ன அசைவு வந்தாலும் துண்டுகள் எல்லாம் தங்கள் கணக்கைத் திரும்பப் போட்டுத் தங்களைத் திரும்ப வரைந்துகொள்ளும். வீண் உழைப்பு. மெமோ போட்டுவிட்டால், உனக்குக் கொடுத்தது முன்பு கொடுத்ததேதான் என்றால் கணக்குப் போடாதே, முன் விடையையே காட்டு என்று அந்தத் துண்டுக்குச் சொல்லிவிடுகிறோம். கையேட்டின் முதல் பக்கத்தில் அது கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வீண் உழைப்பை ஒழி. நல்ல கோஷம். பலகைக்குப் போட்டேன், இருபத்து மூன்று வரிசைக்கும் போட்டேன், மேலே ஓடும் கடிகாரத்துக்குக்கூடப் போடப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் விட்டது. இரண்டு இருபதுக்குக் காஞ்சிபுரத்தில் உதவி ஆணையர் அம்மா முன்னால், கம்பெனி ஆட்கள் முன்னால், சந்தனமேரி தன் கைப்பேசியில் பலகையைத் திறப்பது, அதே நொடியில் நான் இங்கே திறப்பது, குழுப் பெண்களும் தங்கள் பேருந்துகளில் திறப்பது என்று ஏற்பாடு. “திறங்க தோழர்” என்றாள் போனில். திறந்தோம். முன்னூற்று எண்பத்தேழு. பேருந்தில் ஏறி உட்கார்வதற்குள் முன்னூற்று எண்பத்தேழு பேர். என் உடம்பு சிலிர்த்ததை மறைக்க மாட்டேன். பார்த்தீர்களா என்று அந்த ரகுநந்தனிடம், அவன்தான் கம்பெனியின் மனிதவள மேலாளர், கேட்கச் சொன்னேன். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அரை மணி நேரமாக ஒன்றுமில்லை. பேருந்து வளைவில் சிக்னல் இருக்காது, சரி, பத்து நிமிடம். விடுதிக்கு வந்து இறங்கியிருப்பார்கள், குளிக்கப் போயிருப்பார்கள், தண்ணீர் விடும் நேரம், சரி. கங்காணிகள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களோ, வாங்கியிருந்தால் யாராவது வேறு போனிலிருந்து சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால் அவர்களே அழுத்தவில்லை. முன்னூற்று எண்பத்தேழு பேர் ஆவேசத்தில் அழுத்தினார்கள், மற்றவர்கள் யோசித்தார்கள், யோசித்தவர்களுக்கு ஊரும் தங்கையின் கல்யாணமும் ஞாபகம் வந்தது, விரல் மடங்கிவிட்டது. எனக்குத் தெரியும். எனக்கு இது புதிதில்லை. தொண்ணூற்றேழில் ராயபுரம் அச்சகத்து வாசலில் நின்று பார்த்தேன், பதினேழு நாள் வேலைநிறுத்தம், பதினெட்டாம் நாள் காலையில் ஒவ்வொருவனாகத் தலையைக் குனிந்துகொண்டு என் தோளை உரசியபடி உள்ளே போனான். எவனும் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு விடை கிடைத்தது எனக்கு. இவர்கள் வர மாட்டார்கள், கடைசி அடியில் வர மாட்டார்கள். அந்த விடையை வைத்துக்கொண்டுதான் இருபத்தேழு வருடம் வாழ்கிறேன், மேடையில் வேறு மாதிரிப் பேசுகிறேன், அது வேறு. அன்றைக்கு ஏன் உள்ளே போனார்கள் என்று யாரையும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது. எங்கள் அச்சகச் சங்கத்து அருளப்பனைத் திட்டினேன், அது உண்மை. மழையில் நனைந்த கையெழுத்துத் தாள்களை அருளப்பன் அழகாக ஒரு நோட்டில் பெயர்த்து எழுதினான், எழுதும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை, முப்பத்தொரு பெயர் போய்விட்டது. பேச்சுவார்த்தையில் முதலாளி நோட்டை எண்ணினான், எங்களுக்குப் பெரும்பான்மை இல்லை என்றான், பத்தொன்பது குறைந்தது. அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன், இன்று வரை மீறியதில்லை. கையெழுத்துத் தாளைப் பெயர்த்து எழுதக்கூடாது. கிழியட்டும், நனையட்டும், எண்ணெய் படட்டும், புதுப் பெயர் வந்தால் அதே தாளின் அடியில் சேர்க்க வேண்டும். நான் இருக்கும் சங்கங்களில் எல்லாருக்கும் இது தெரியும். பலகையிலும் அப்படியே எழுதினேன். ஒரே பட்டியல், அதே பட்டியல், வருகிற ஓட்டு அதன் வாலில் சேரும். அந்த வரிக்கு மேலே தமிழிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தேன், ‘பெயர்த்து எழுதாதே’.

மூன்று ஆறுக்குச் சந்தனமேரி கூப்பிட்டாள். வராந்தாவுக்கு வந்திருப்பாள், குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். “தோழர், எண்ணு நகரவே மாட்டேங்குது.” தெரியும் என்றேன். “அந்த ரகுநந்தன் பேனாவை மூடுறான், தொறக்குறான், மூடுறான், தொறக்குறான். என்னம்மா, உங்க ஃபிரண்ட்ஸ் எல்லாம் பஸ்லயே தூங்கிட்டாங்களாங்கிறான்.” நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். “தூங்குறதுக்கு நீங்க எங்க சார் உட்டீங்கன்னு சொன்னேன். அம்மா சிரிச்சுட்டாங்க.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. “தோழர், ஒரு தடவை இழுத்துப் பாக்கவா?” என்றாள். நான் கத்தினேன், கீழே டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். “நீயே இழுத்தா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? சர்வர் படுத்துச்சுன்னா வர்ற நாலு ஓட்டும் வராது. கட்டுப்பாடுன்னா தலைமைக்கு முதல்ல வேணும்.” சரிங்க தோழர் என்றாள். இருபத்தாறு வயதுப் பெண், செய்யாறு பக்கம், ஆயிரம் பேருக்கு நடுவில் எழுந்து நின்று கேள்வி கேட்பவள், என்னிடம் மட்டும் சரிங்க தோழர். “அப்ப என்ன பண்ணட்டும்? மூணரை ஆவட்டும்னு உக்காந்திருக்கவா?” அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை தயாராக இருந்தது, யோசிக்கவே இல்லை, வாய் அதுவாகவே சொன்னது. “உக்காந்து என்ன ஆகப்போவுது. முக்கால் மணி நேரமா ஒருத்தி அழுத்தல. கடைசி நிமிஷம் வரைக்கும் அவன் முன்னாடி உக்காந்து அவமானப்படாத. போட்டுட்டு எழுந்து வா.” “அந்தப் பத்தொன்பதுல ரெண்டு பேரு என் ரூம்லதான் இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?” “உன்கூட வேலை செய்றவங்க கைவிட்டுட்டாங்கன்னு சொல்லு” என்றேன். “சரி, வைக்கிறேன்” என்றாள். இந்தத் தடவை தோழர் இல்லை.

வைத்தபிறகு உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனேன், சாலையில் கம்பெனிப் பேருந்து ஒன்று காலியாகத் திரும்பிப் போனது, மேசைக்கு வந்தேன், முன்னூற்று எண்பத்தேழு. என் தலைக்குள் ஒரு துண்டறிக்கை தானாக எழுதிக்கொண்டது, தலைப்புகூட வந்துவிட்டது, ‘துணிந்தவர் முன்னூறு, துவண்டவர் எழுநூறு’, முதல் பத்தி, இரண்டாம் பத்தி, அடிக்கோடிட வேண்டிய வரிகள். எவ்வளவு வேகமாக வருகிறது. தோற்ற பிறகு எழுதும் அறிக்கை எனக்கு எப்போதும் ஒரே மூச்சில் வந்துவிடும், பாதி வாசகம் தொண்ணூற்றேழில் எழுதியதே. இப்போது அவள் பேனாவைக் கையில் எடுத்திருப்பாள். பேனாவை அவனே நீட்டியிருப்பான், அந்த மூடித் திறக்கும் பேனா. பத்தொன்பது பேர். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், அவளுக்கு நான்தான் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி விளக்கக் கடிதம் எழுத வைத்தேன், ‘இயற்கை உபாதை’ என்று எழுதட்டுமா, ‘மூத்திரம்’ என்றே எழுதட்டுமா என்று கேட்டாள், மூத்திரம் என்றே எழுது, அவர்கள் படிக்கட்டும் என்றேன், எழுதினாள், அதற்கே ஒழுங்கீனம் என்று இன்னொரு குற்றச்சாட்டு வந்தது. அவளுக்கு நான் என்ன சொல்வேன். மேரிக்கு வாசகம் எடுத்துக் கொடுத்தேனே, அதையே நான் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். கைவிட்டுட்டாங்க. அந்தச் சொல் வாயில் பழகிய சொல். ஏன் இவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது. போன் அடித்தது, மேரிதான், போட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் என்று நினைத்து எடுக்காமல் மூன்று தடவை அடிக்க விட்டேன். பெயரைப் பார்த்தால் முபீனா. பதினேழாம் நம்பர் விடுதியின் குழு உறுப்பினர், வாயாடி.

“தோழர், திட்டாதீங்க.” என்ன என்றேன். “மொதல்ல திட்டமாட்டேன்னு சொல்லுங்க.” “முபீனா, இது விளையாடுற நேரமில்ல.” “இழுத்துட்டேன்.” எதை என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. “பலகையை. வெரலு பட்டுருச்சுன்னு சொல்லலாம்னு பாத்தேன். நீங்க கண்டுபிடிச்சுருவீங்க. வேணும்னேதான் இழுத்தேன். எழுநூத்தி ரெண்டு காட்டுது தோழர்.” வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். “உன் போன் கோளாறு.” “போன வாரம் வாங்குன போன் தோழர்.” “அப்ப சர்வர் கொழம்பியிருக்கும், ஒரே ஓட்டை ரெண்டு தடவ எண்ணியிருக்கும். இதுக்குத்தான் இழுக்காத இழுக்காதன்னு தொண்டை கிழிய சொன்னேன்.” “சரி, அது பொய்யாவே இருக்கட்டும். உங்க பலகையில எங்க விடுதி எத்தனைன்னு பாருங்க. பதினேழு.” பார்த்தேன். மூணு என்றேன். “மூணா?” என்றாள், பின்னால் யாரிடமோ, “ஏய், நாம மூணு பேராம்டி” என்றாள், அங்கே ஒரு பெரிய சிரிப்பு. “தோழர், எங்க ரூம்லயே பதினோரு பேரு போட்டோம். பஸ்ஸ விட்டு எறங்கி, ரூமுக்கு வந்து, வட்டமா உக்காந்து, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஒண்ணா அழுத்தினோம். ரெண்டு நாப்பதுக்கு.” “எட்டுக் கட்டில் ரூம்ல எப்படி பதினோரு பேரு?” “மூணு பேரு தரையில. நீக்குன பொண்ணுங்க. வார்டனுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க.” “பேரு சொல்லு” என்றேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, நாற்பது வருடப் பழக்கம், பெயர் இல்லாமல் எண்ணை நம்ப மாட்டேன். அவள் சொன்னாள். தான், தங்கரோசா, பெரிய ஈஸ்வரி, சின்ன ஈஸ்வரி, நாகவேணி, ஜெசிந்தா, பூவிழி, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியும் பின்னாலிருந்து ஆஜர் ஆஜர் என்று கத்தினாள், பள்ளிக்கூடம் மாதிரி. பதினொன்று. என் பலகை மூன்று என்றது. பதினொரு பெண்கள் ஒரு அறையில் உட்கார்ந்து தங்கள் பெயரைத் தாங்களே சொல்கிறார்கள், பலகை மூன்று என்கிறது, நான் இன்னும் ஒரு நொடி, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு முழு நொடி, பலகையைத்தான் நம்பினேன். “இப்ப திட்டப் போறீங்களா?” “போனை வை” என்றேன்.

மூன்று பத்தொன்பது. நிரலைத் திறந்தேன். ஓட்டு வரும் வழி, சரி. ஓட்டு பட்டியலில் சேரும் வரி, சரி, மேலே என் குறிப்பு, பெயர்த்து எழுதாதே. பட்டியல் பலகைக்குப் போகிறது, சரி. பலகைக்கு மெமோ. அங்கே விரல் நின்றது. கொடுத்தது முன்பு கொடுத்ததேதானா என்று பலகை எப்படித் தெரிந்துகொள்ளும். சட்டைப்பையிலிருந்து கையேட்டை உருவினேன், நான்காக மடித்தது, வியர்வையில் ஒட்டியிருந்தது, முதல் பக்கத்துக் கோஷத்தைத் தாண்டி நான் போனதே இல்லை, பின் மடிப்பில் சின்ன எழுத்தில் இருந்தது. மேலோட்டமாக மட்டும் பார்க்கும். பட்டியலுக்குள் இறங்கி எத்தனை பேர், யார் யார் என்று பார்க்காது. அதே பட்டியலா, வேறு பட்டியலா, அவ்வளவுதான். ஒரு வீட்டுக் கதவு எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பவர்கள் மாறவில்லை என்று முடிவு கட்டுவது மாதிரி. நான் கொடுத்தது எப்போதும் அதே பட்டியல். வாலில் நானூறு பேர் வந்து சேர்ந்தாலும் அதே பட்டியல். ஆகவே இரண்டு இருபதுக்குத் திறந்தபோது ஒரே ஒரு முறை எண்ணியது, முன்னூற்று எண்பத்தேழு, பிறகு ஒவ்வொரு ஓட்டு வந்தபோதும் பார்த்தது, அதே தாள், மாற்றமில்லை, முன் விடையையே காட்டியது. நான் சொன்னபடி. ஓட்டு வரும்போதெல்லாம் பழைய பெயர்களையும் புதுப் பெயரையும் சேர்த்துப் புதுப் பட்டியல் ஒன்று செய்து கொடுத்திருந்தால் அது விழித்திருக்கும். பெயர்த்து எழுதியிருக்க வேண்டும். மனிதன் பெயர்த்து எழுதினால் தாள் ஒட்டிக்கொள்ளும், எந்திரம் ஒரு பெயரையும் விடாது, இது எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் அருளப்பனின் நோட்டு என் கண்ணை மறைத்தது. நான் சோதித்துப் பார்த்தேனே என்று ஒரு குரல், ஆமாம், ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தைப் புதிதாகத் திறந்து பார்த்தேன், புதிதாகத் திறந்தால் சரியாகத்தான் இருக்கும். இன்னொன்றும் புரிந்தது, அதுதான் அதிகம் வலித்தது. இந்த மெமோ தேவையே இல்லை. ஒத்திகையில் சர்வர் படுத்தது எல்லாரும் இழுத்ததால், பலகை கணக்குப் போட்டதால் இல்லை. ஆயிரத்து நூறு பெயரை எண்ணுவது எந்தக் கைப்பேசிக்கும் ஒரு கணம்கூட ஆகாது. கனமான கணக்கு எது என்று அளந்து பார்த்து, அங்கே மட்டும், மாற்றத்தை உள்ளபடி சொல்லும் பட்டியலைக் கொடுத்து மெமோ போட வேண்டியதை நான் கோஷம் மாதிரி எல்லாச் சுவரிலும் எழுதினேன். பிறகு இழுக்காதே என்றும் உத்தரவு போட்டேன். தவறு வெளியே தெரிவதற்கு இருந்த ஒரே வழியையும் கட்டுப்பாடு என்று பெயர் வைத்து அடைத்தேன். என் பேச்சைத் தட்டாத இருபத்தொன்பது பேர், ஆமாம், தட்டியவள் ஒருத்தி. இரண்டு விரலால் பக்கத்தைப் புதுப்பித்தேன். வட்டம் சுற்றியது. எழுநூற்று நாற்பத்தாறு.

மூன்று இருபத்து மூன்று. மேரியைக் கூப்பிட்டேன், அடித்து அடித்து நின்றது. திரும்பவும். அவளே துண்டித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். போடு என்றவன் நான், பதினேழு நிமிடமாகிவிட்டது, ஒரு கையெழுத்துக்குப் பதினேழு நொடி போதும். மேரி வேகமாக எழுதுபவள், கையெழுத்தின் கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் பேனாவைத் தூக்குவாள். கம்பெனி சூழ்ச்சி என்று எழுதலாம், இணையத்தை முடக்கினார்கள் என்று எழுதலாம், நம்புவார்கள், என்னை நம்புவார்கள், ஏற்கனவே எத்தனையோ நம்பியிருக்கிறார்கள். சே. மூன்றாம் தடவை கூப்பிட்டேன், எடுத்தாள். “தோழர், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் கேக்குறாங்க” என்றாள் நிதானமாக. பின்னால் யாரோ எதையோ உரக்கப் படித்துக்கொண்டிருந்த குரல் நின்றது. “மேரி, போட்டுட்டியா?” “பதினாலாவது ஷரத்துல இருக்கோம் தோழர், மொத்தம் இருபத்திரெண்டு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஒவ்வொண்ணையும் தமிழ்ல படிச்சு அர்த்தம் சொன்னாத்தான் போடுவேன்னு சொன்னேன். அம்மா அது நியாயம்தான்னுட்டாங்க. ரகுநந்தன் சாரே படிக்கிறாரு, தண்ணிகூட குடிக்காம.” மேரி பி.காம். என் ஆங்கில மனுக்களைத் திருத்துபவள். போடு என்று நான் சொன்னதை அவள் கேட்கவில்லை, சரி, வைக்கிறேன் என்று மட்டும்தான் சொன்னாள்.

பேச வேண்டும். ரகுநந்தன் கேட்கிறான், அவனுடைய ஆட்கள் கேட்கிறார்கள், அரசாங்கத்து அம்மா கேட்கிறார். எத்தனை அறைகளில் எதிரியின் தவறை எழுந்து நின்று எண்ணிச் சொல்லியிருக்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கி. தொழில்நுட்பக் கோளாறு என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது, நல்ல சொல், யாருடைய தலையிலும் விழாத சொல். “பலகை தப்பா காட்டுது” என்றேன். “ரெண்டு இருபதுக்கு அப்புறம் அது எண்ணவே இல்ல. ஓட்டு வந்துகிட்டேதான் இருந்துச்சு. பலகையைச் செஞ்சது நான். தப்பு என்னுது.” ரகுநந்தன் சிரித்தான். “நல்லாருக்கே ஏகாம்பரம் சார். கொறஞ்சா பலகை தப்பு, கூடினா பலகை சரி. நாங்க எதை நம்புறது?” “என்னை நம்ப வேணாம். உங்க முன்னாடி இருக்கிற அதே போன்ல, ஒரு தடவை கீழே இழுத்துப் பாருங்க. அம்மாவே இழுக்கட்டும்.” இழுக்காதே என்று சொன்ன வாய். எல்லாப் பெண்களும் இந்த நொடியில் இழுத்தால் சர்வர் படுக்கும், படுத்தால் வெறும் வெள்ளைத் திரை, மூன்று இருபத்தேழு, நான் ஒரு பொய்யன். அம்மாவின் வளையல் மேசையில் பட்ட சத்தம். காத்திருந்தேன். அந்த வட்டம் அங்கே சுற்றுவதை இங்கே என் பல்லில் உணர்ந்தேன். யாரோ இருமினார்கள். அம்மா அரசாங்கக் கோப்பு படிக்கும் குரலில் படித்தார், “எழுநூற்று… எழுபத்தொன்று.” இன்னொரு தடவை படித்தார். “நேரம் மூன்று இருபத்தெட்டு. குறிச்சுக்கோங்க.”

காகிதங்கள் ஒதுங்கின. ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது, அது மேரியுடையதாகத்தான் இருக்கும், தரையில் இழுத்துத் தள்ளுவாள், எத்தனை தடவை சொல்லியும் கேட்க மாட்டாள். ரகுநந்தன் குரல் இப்போது சிரிக்கவில்லை. “இது எப்ப பாதியத் தாண்டுச்சு? சொல்லுங்கம்மா, எப்ப?” மேரி சொன்னாள், “ரெண்டே முக்காலுக்கே தாண்டியிருக்கும் சார். பொண்ணுங்க அப்பவே போட்டுட்டாங்க. நாங்கதான் பாக்கல.” நாங்க இல்லை மேரி, நான் என்றேன் போனில். உங்க யாரையும் சேத்துக்காத, நான்தான் பார்க்கவில்லை, பார்க்கவும் விடவில்லை, கைவிட்டுட்டாங்கன்னு சொன்னது நான், அதை அவர்களிடம் நானே வந்து சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். காதிலிருந்து எடுத்துப் பார்த்தபோது திரை இருண்டிருந்தது. அவள் எப்போதோ வைத்துவிட்டாள். நான்தான் என்று இன்னொரு முறை அந்த அறையில் சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் சத்தமாக, அவர்கள் முன்னால் எந்தக் குரலில் சொல்வது என்று தெரிந்துகொள்வதற்காக.